சிறியதில் தொடங்குங்கள், சகோதரிகளே!

நம் இல்லங்கள் பலவற்றில், அலமாரியின் அடித்தட்டில் பாதி பின்னிய ஸ்வெட்டர் ஒன்று ஊசியோடு உறங்கிக்கொண்டிருக்கும். ஆர்வத்தோடு நூல் வாங்கிச் சாண் அளவு பின்னியபின், கழுத்துப் பகுதி விளங்காமல் மடித்து வைக்கப்பட்டது அது. "எனக்குக் கைவேலை வராது" என்று முடிவு கட்டியும் விடுகிறோம். குறை கையில் இல்லை. தொடங்கிய இடத்தில்தான் இருக்கிறது. மதரஸாவில் சேரும் பிள்ளைக்கு முதல்நாளே நீண்ட சூராவை ஓதக் கொடுப்பாருண்டோ? அலிஃப், பே முதலில், எழுத்துக்கூட்டல் அடுத்து, அதன்பின்னரே அம்ம ஜுஸ்வின் சிறு சூராக்கள். பின்னலுக்கும் இதே படிமுறைதான். ஒரு சிறு பொருள். அதில் ஒரேயொரு புதிய நுணுக்கம்.

இக்கலை நமக்கு அந்நியமானதும் அன்று. இன்று கிடைத்துள்ள மிகப் பழைய பின்னல் பொருள்களுள், இஸ்லாமிய ஆட்சிக்கால எகிப்தின் பருத்திக் காலுறைகள் குறிப்பிடத்தக்கவை. ஸ்பெயினின் புர்கோஸ் நகரையடுத்த லாஸ் உவெல்காஸ் மடாலயத்தில், 1275இல் இறந்த இளவரசர் பெர்னாண்டோ டி லா செர்தாவின் கல்லறையிலிருந்து பட்டு நூலால் பின்னிய தலையணை உறை ஒன்று கிடைத்தது. அதில் 'பரக்கத்' என்னும் அரபுச் சொல் கூஃபி எழுத்தில் பின்னப்பட்டுள்ளது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை அது என்பது ஆய்வாளர் கருத்து.

இனி, செயலுக்கு வருவோம். 4 மில்லிமீட்டர் ஊசி இரண்டு வாங்குங்கள். பழைய ஆங்கிலேய அளவில் அது 8ஆம் எண். அந்த அளவுமுறையில் எண் கூடக் கூட ஊசி மெல்லியதாகும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

முதற்பாடம், அடுப்பங்கரையில் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி. பருத்தி நூலே வேண்டும்; செயற்கை நூல் வெப்பத்தில் உருகிக் கையைச் சுடும். 40 கண்ணிகள் ஏற்றி, எல்லா வரிசையையும் 'நிட்' எனப்படும் நேர்ப்பின்னலாகவே பின்னுங்கள். ஏறத்தாழ 80 வரிசையில் சதுரம் அமையும். இரண்டாக மடித்துப் பயன்படுத்துங்கள். பின்னும்போதே சதுரம் அகன்றுகொண்டு போனால், வரிசைத் தொடக்கத்தில் நூல் ஊசியின் மேலேறி, ஒரு கண்ணி இரண்டாகத் தோன்றி, இரண்டையும் நீங்கள் பின்னியிருப்பீர்கள். வரிசைதோறும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டாம் பாடம், பிறந்த குழந்தைக்கொரு பருத்தித் தொப்பி. இதில் 'பர்ல்' எனப்படும் எதிர்ப்பின்னலும், கண்ணி குறைத்தலும் கைவரும். 72 கண்ணிகள் ஏற்றி, இரண்டு நேர், இரண்டு எதிர் என மாறி மாறி 4 சென்டிமீட்டர் பின்னுங்கள். நேர்க்கண்ணி முன்வர, எதிர்க்கண்ணி உள்வாங்குவதால் விளிம்பு சுருங்கி விரியும். அதன்பின் ஒரு வரிசை நேர், மறுவரிசை எதிர் என்று, அடிவிளிம்பிலிருந்து 9 சென்டிமீட்டர் வரும்வரை தொடருங்கள். அடுத்து, ஏழு கண்ணிகளைப் பின்னி எட்டாவதையும் ஒன்பதாவதையும் சேர்த்து ஒன்றாகப் பின்னுங்கள். வரிசை முழுதும் இவ்வாறு செய்ய எட்டுக் கண்ணி குறைந்து 64 ஆகும். மறுவரிசையில் குறைக்காமல் எதிர்ப்பின்னல். அடுத்த நேர்வரிசையில் ஆறு கண்ணிக்குப்பின் குறையுங்கள்; அதற்கடுத்து ஐந்துக்குப்பின். இறுதியில் எஞ்சும் எட்டுக் கண்ணிகளில் நூலைக் கோத்து இறுக்கி, பக்கத்தைத் தைத்துவிட்டால் தொப்பி ஆயத்தம். நாடாவோ பொத்தானோ வேண்டா. குழந்தையின் கழுத்திலும் வாயிலும் அவை சிக்கக்கூடும்.

மூன்றாம் பாடம், புத்தகத்தில் வைக்கும் பக்க அடையாளம். கயிறு முறுக்கியதுபோன்ற பின்னலைக் கண்டு மலைக்கிறோமே, அது கண்ணிகளை இடம் மாற்றிப் பின்னுவதன்றி வேறில்லை. 8 கண்ணிகள் போதும்: ஓரங்களில் இரண்டிரண்டு எதிர், நடுவில் நான்கு நேர். மறுபுறம் திரும்பும்போது நேரை எதிராகவும் எதிரை நேராகவும் பின்னிச் செல்லுங்கள். ஆறு வரிசைக்கு ஒருமுறை, நடுநான்கில் முதல் இரண்டை மூன்றாவது ஊசியொன்றில் எடுத்து முன்பக்கம் நிறுத்துங்கள். அடுத்த இரண்டைப் பின்னியபின் நிறுத்தியவற்றைப் பின்னுங்கள். முறுக்கு இடப்புறம் சாயும். பின்பக்கம் நிறுத்தினால் வலப்புறம் சாயும்.

இவை மூன்றும் கைவந்தபின் குழந்தைக் காலுறைக்குச் செல்லலாம். வரிசை முடியுமுன் பாதியில் திரும்பும் முறையால் குதிகால் வளைவு உருவாவதை அங்கே கற்பீர்கள்.

பிழை நேர்ந்தால் கலங்காதீர்கள். தையலில் வெட்டிய துணி வெட்டியதுதான். பின்னலோ ஒரே நூலின் தொடர். பிரித்தால் நூல் முழுதாகத் திரும்பிவரும். உறுதியாக நூற்ற நூலைத் தானே சிதைத்துவிடும் பெண்ணைச் சத்தியத்தை முறிப்போருக்கு உவமையாகத் திருமறையின் அந்-நஹ்ல் அத்தியாயம், 92ஆம் வசனம் காட்டுகிறது. செய்ததைப் பாழாக்குவதற்கான உவமை அது. செம்மையாக்குவதற்காகப் பத்து வரிசை பிரிப்பது பாழாக்குதல் ஆகாது. அதுவும் கற்றலின் ஒரு பகுதியே.

சிறு பொருளுக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அது முடிந்துவிடும். முடித்த பொருள் ஒன்றைக் கையில் ஏந்திய பெண்ணுக்கு, அடுத்ததைத் தொடங்க எவருடைய ஊக்கமும் தேவைப்படுவதில்லை. இன்ஷா அல்லாஹ், அலமாரியில் உறங்கும் அந்த ஸ்வெட்டரையும் ஒருநாள் நீங்களே எடுத்துப் பின்னி முடிப்பீர்கள்.