செங்காந்தள் விதையும் கழுத்து ரத்தக்குழாய் அடைப்பும்: பக்கவாதத்தைத் தடுக்குமா கொல்கிசின்?

அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களில் சில இடங்களில் பந்தலில் படர்ந்து, தீ பிடித்தது போலப் பூத்து நிற்கும் செடி கண்வலிக்கிழங்கு. தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்தான் இது. காலை நேரத்தில் ஒவ்வொரு பூவுக்கும் கையாலேயே மகரந்தம் தடவி விவசாயிகள் விளைவிக்கும் விதை, மருந்து தயாரிக்கப் போகிறது. அந்த மருந்தின் பெயர் கொல்கிசின். கவுட் எனப்படும் மூட்டுவலிக்குப் பல காலமாகக் கொடுக்கப்படும் இந்த மருந்து, மாரடைப்பையும் பக்கவாதத்தையும் தடுக்குமா என்று உலக அளவில் ஆய்வுகள் நடந்துள்ளன. மூட்டுவலி மருந்துக்கும் மூளைக்கும் என்ன சம்பந்தம்? பதில் கழுத்தில் இருக்கிறது.

கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

கழுத்தின் பக்கவாட்டில் விரல் வைத்தால் துடிப்பது கரோட்டிட் தமனி. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் முக்கியக் குழாய் இது. தாடைக்குக் கீழே இது இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் அடைப்பு அதிகம் வருகிறது.

தண்ணீர்க் குழாயில் பாசி பிடிப்பது போலக் கொழுப்பு படிகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதல்ல. கெட்ட கொழுப்பு குழாயின் சுவருக்குள்ளேயே நுழைகிறது. அதை அகற்ற வரும் வெள்ளை அணுக்கள் கொழுப்பை விழுங்கிவிட்டு அங்கேயே தேங்கி, இன்னும் பல அணுக்களை வரவழைக்கின்றன. காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து வீங்குமே, அதே அழற்சிதான் இது. ஆனால் இங்கே வலி தெரியாது. வருடக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும்.

அடைப்பின் அளவு மட்டும் போதுமா?

போதாது. கொழுப்புத் திட்டின் மேல் ஒரு மூடி போன்ற படலம் இருக்கும். அழற்சி அதிகமானால் அந்தப் படலம் மெலிந்து கிழியும். அந்த இடத்தில் ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் பாதி அளவு அடைப்பு உள்ளவருக்குக்கூட சில நேரம் திடீரென பக்கவாதம் வந்துவிடுகிறது.

கொல்கிசின் பலன் தந்ததா?

இதய நோயாளிகள் 5,522 பேரிடம் நடந்து, 2020-ல் வெளியான ஆய்வில், தினம் 0.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு மாரடைப்பு உள்ளிட்ட பாதிப்புகள் 31 சதவீதம் குறைந்தன. 2023-ல் அமெரிக்காவும் இதய நோய்க்கு இதை அனுமதித்தது. ஆனால் பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்து 2024-ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் தெளிவான பலன் நிரூபணமாகவில்லை. ஆக, கழுத்து அடைப்புக்கு இது இன்னும் வழக்கமான சிகிச்சை இல்லை.

விதையைச் சாப்பிடலாமா?

கூடவே கூடாது. கண்வலிக்கிழங்கின் கிழங்கு, விதை இரண்டுமே கொடிய விஷம். வாந்தி, வயிற்றுப்போக்கில் தொடங்கி, உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்து உயிரே போகலாம். மருந்துக்கும் விஷத்துக்கும் இடையே அளவு வித்தியாசம் மிகக் குறைவு. சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கு மாத்திரையே ஆபத்தாகலாம்.

அப்போ என்னதான் செய்வது?

புகைப்பழக்கம், சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் மூன்றும் ரத்தக்குழாய் அழற்சியைத் தூண்டுபவை. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகின்றன. இடையில் நிறுத்தக் கூடாது. டாக்டர் எழுதித்தரும் ஸ்டேட்டின் மாத்திரை கொழுப்போடு அழற்சியையும் குறைக்கும். கழுத்தில் அடைப்பு இருக்கிறதா என்பதை டாப்ளர் ஸ்கேனில் வலியில்லாமல் பார்த்துவிடலாம்.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தூக்க முடியாமல் தொய்வது, பேச்சு குழறுவது, ஒரு கண்ணில் மட்டும் திரை விழுந்தது போல இருட்டுவது ஆகியவை எச்சரிக்கை மணி. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும், 'களைப்பா இருக்கும், காலையில் பார்த்துக்கலாம்' என்று படுத்துவிடக் கூடாது. அடுத்து வருவது பெரிய பக்கவாதமாக இருக்கலாம். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை முதல் நான்கரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். கிராமத்திலிருந்து ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போகும் நேரமும் இந்தக் கணக்கில்தான் வரும். அதனால் அறிகுறி தெரிந்த உடனே 108-ஐ அழையுங்கள்.