விரிசலின் வாயைத் திறக்கும் குளிர்

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் நல்ல பானை. சத்தம் கட்டையாக வந்தால் எங்கோ கீறல். அணுமின் நிலையக் குழாய்களைப் பொறியாளர்கள் சோதிப்பதும் கிட்டத்தட்ட இப்படித்தான். சுண்டுவது மட்டும் விரல் அல்ல, மீயொலி. அதாவது, நம் காதுக்கு எட்டாத அளவு வேகமாக அதிரும் ஒலி.

எஃகுக்குள் இந்த ஒலி நொடிக்குச் சுமார் 5,900 மீட்டர் ஓடுகிறது. காற்றில் ஓடுவதைவிட 17 மடங்கு வேகம். வழியில் விரிசல் குறுக்கிட்டால், அதற்குள் இருக்கும் காற்றில் மோதித் திரும்பிவிடும். தலைமுடித் தடிமனில் நூறில் ஒரு பங்கு இடைவெளி போதும், ஏறக்குறைய முழு ஒலியும் எதிரொலிக்கும். எதிரொலி வரப் பிடித்த நேரம், விரிசல் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடும். பல உணரிகளை வரிசையாக வைத்து, நூலிழை நேர வித்தியாசத்தில் ஒவ்வொன்றாகத் துடிக்கவிட்டால் உட்புறத்தின் படமே கிடைக்கும்.

இந்தக் கருவியையும் ஏமாற்றும் விரிசல்கள் உண்டு. இரு பக்கமும் இறுக ஒட்டிக்கொண்டு நிற்பவை அவை. நடுவே காற்று இல்லாததால் ஒலி அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. அப்படி ஒட்டவைப்பது எது? உலோகம் திரும்பத் திரும்ப இழுபடும்போது விரிசலின் நுனி சற்று நீண்டு, நீண்டபடியே நின்றுவிடும். இழுவிசை தளர்ந்ததும் சுற்றியுள்ள உலோகம் பழைய அளவுக்குத் திரும்பி, நீண்ட பகுதியை நெருக்கும். உடனே விரிசல் வாயை மூடிக்கொள்ளும். இதை 1970-இல் விளக்கியவர் வுல்ஃப் எல்பர். மூடிய விரிசல் ஆறிய புண் அல்ல. அடுத்த பாரத்தில் மறுபடி திறந்து வளரும்.

அதன் வாயைத் திறக்க ஓர் எளிய வழியைக் காட்டினார்கள் ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஷிகாசு ஒஹாராவும் கசுஷி யமனாக்காவும் அவர்களது குழுவினரும். உலோகத்தை முதலில் மிதமாகச் சூடாக்கு. பிறகு விரிசல் இருக்கும் பரப்பை மட்டும் சட்டென்று குளிர்வி!

மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை மாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. காய்ச்சிய பட்டையை மாட்டித் தண்ணீர் ஊற்றுவார்கள். சுருங்கப் பார்க்கும் இரும்பை மரச் சக்கரம் தடுக்கும், பட்டை விறைத்து இறுகும். இங்கும் குளிர்ந்த மேற்பரப்பு சுருங்கப் பார்க்கிறது; சூடான உட்பகுதி விடுவதில்லை. இந்த இழுபறியின் பெயர் வெப்பத் தகைவு. எஃகு 50 டிகிரி குளிர்ந்து, சற்றும் சுருங்க முடியாமல் தடுக்கப்பட்டால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 1,200 கிலோ எடைக்கு ஈடான இழுவிசை எழும். கட்டைவிரல் நகமளவு இடத்தில் ஒரு கார் தொங்குவது போல! ஒட்டியிருந்த விரிசல் பிரிகிறது, எதிரொலி பிறக்கிறது.

இன்னொரு நுட்பம் மிச்சம். உலோகத்தின் படிகத் துகள்களும் எதிரொலி கொடுத்துப் படத்தைக் கலங்கடிக்கும். ஆனால் குளிர்விப்பதற்கு முன்னும் பின்னும் அவை அநேகமாக ஒரே மாதிரிதான் இருக்கும். மாறுவது விரிசல் மட்டுமே. ஒரு படத்திலிருந்து மற்றதைக் கழித்தால் துகள்கள் மங்கி, விரிசல் துலங்கும்.

கண்ணாடித் தம்ளரை உடைக்கும் அதே திடீர்க் குளிர்தான் இங்கே மருத்துவராகிறது. பாகத்தை அறுக்க வேண்டாம், பெரிய எந்திரத்தில் பூட்டி இழுக்கவும் வேண்டாம். வெப்பம் சமமானதும் விரிசல் மறுபடி மூடிக்கொள்ளும். அதற்குள் அதன் படம் நம் கையில் இருக்கும்.