ஆறு துளை, ஒரு குழல்

போன செமஸ்டரில் ஒர்க்‌ஷாப்பில் எனக்குக் கொடுத்த ஜாப், ஒரு வட்டத் தகட்டில் ஒரே பி.சி.டி.யில் ஆறு துளை. ஐந்தில் பின் வழுக்கிக்கொண்டு இறங்கியது. ஆறாவதில் நுழையவே மாட்டேன் என்றது. சார் திட்டவில்லை. ஜாப்பைத் திருப்பி என் கையிலேயே வைத்து, "ஆறுல அஞ்சு சரின்னா அது பாஸ் இல்லப்பா, ஸ்கிராப்" என்றார். புதுத் தகட்டுக்கு அப்பாவிடம் மறுபடியும் காசு கேட்க வேண்டியதாயிற்று. அப்பா கொத்தனாரிடம் கையாள். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். எதற்குக் காசு என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்த வாரம் நூலகத்தில் துப்பாக்கிகளின் அமைப்பைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. புரட்டிக்கொண்டே வந்தவன் சிங்கிள் ஆக்‌ஷன் ரிவால்வரின் வெட்டுப்படத்தில் நின்றுவிட்டேன். அடடா, இது என் ஜாப் அல்லவா! ஒரு உருளை, ஒரே வட்டத்தில் ஆறு துளை. அந்த ஆறும் ஒவ்வொன்றாக வந்து ஒரே குழலுக்கு நேராக நிற்க வேண்டும். அகராதியை வைத்துக்கொண்டு முழுவதும் படித்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரிவால்வரை நான் தொட்டதே இல்லை. நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் வைத்திருக்க முடியாது. அமெரிக்காவில் இதை வாங்கி, அட்டையில் குறி பார்த்துச் சுடுவதை விளையாட்டாகவே வைத்திருக்கிறார்கள். ஆகவே கதை அங்கேயே நடக்கட்டும்.

சிங்கிள் ஆக்‌ஷன் என்றால் என்ன? கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். இழுக்கும்போதே உருளை ஆறில் ஒரு பங்கு சுற்றி, அடுத்த தோட்டா குழலுக்கு நேராக வந்து பூட்டிக்கொள்ளும். டிரிக்கருக்கு மிச்சம் இருப்பது ஒரே வேலை, சுத்தியலை விடுவிப்பது. டபுள் ஆக்‌ஷனில் இத்தனையையும் டிரிக்கரே இழுத்துச் செய்கிறது. அதற்கு நாலைந்து கிலோ விசை வேண்டுமென்றால், இதற்கு ஒன்றரை, இரண்டு கிலோ போதும். அதனால்தான் கை ஆடாமல் சுட முடிகிறது. இந்த வகையில் பேர் பெற்றது 1873-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கோல்ட் ரிவால்வர். ஜெய்சங்கர் 'கங்கா' (1972) போன்ற கௌபாய் படங்களில் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தாரே, அந்தக் கௌபாய் உலகத்தின் துப்பாக்கி இதுதான். படத்தில் இடுப்பிலிருந்தே சுட்டால் ஆள் விழுவான். நிஜத்தில் அப்படிக் குறி வாய்க்காது.

குறி எங்கே பிறக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். உருளைத் துளையின் முன்பக்க வாயைத் 'தொண்டை' என்கிறார்கள். குண்டு தோட்டாவை விட்டு, தொண்டை வழியாக, ஒரு சிறு இடைவெளியைத் தாண்டிக் குழலுக்குள் போக வேண்டும். குழலின் உள்ளே புரிப் பள்ளங்கள் இருக்கின்றன. இப்போது செய்யும் .45 கோல்ட் குழலில் பள்ளத்தின் விட்டம் ஏறக்குறைய 0.451 அங்குலம். அப்படியானால் தொண்டை 0.452 இருக்கலாம். 0.449 இருந்தால்? ஈயக்குண்டு தொண்டையிலேயே நசுங்கிச் சிறுத்துவிடும். பிறகு குழலில் லொடலொடவென்று போகும், சூடான வாயு அதன் பக்கவாட்டில் பீறிட்டு ஈயத்தைக் குழலெல்லாம் அப்பிவிடும். தொண்டை ரொம்பப் பெரிதானால் குண்டு சாய்ந்து நுழையும். ஆறு தொண்டையும் ஆறு அளவாக இருந்தால் கேட்கவே வேண்டாம், ஒரே துப்பாக்கிக்குள் ஆறு துப்பாக்கி!

ஆகவே வாங்கப் போகிறவர் பளபளப்பையும் தந்தப் பிடியையும் பார்த்து மயங்கக் கூடாது. முதலில் ஆறு அறையும் காலியா என்று கண்ணால் பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தொண்டையிலும் பிளக் கேஜ் விட்டுப் பார்க்கலாம். உருளைக்கும் குழலுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் வைத்தால் 0.10 முதல் 0.15 மி.மீ. வரை இருப்பது நல்லது. மெதுவான ஈயக்குண்டு ஒன்றைக் குழலில் கம்பியால் தள்ளிப் பார்ப்பதும் உண்டு. குழலைச் சட்டத்தில் முடுக்கிய இடத்தில் குண்டு இறுகினால், மரை அளவுக்கு மேல் முடுக்கப்பட்டு உள்விட்டம் சுருங்கியிருக்கிறது என்று அர்த்தம். பழைய மாதிரியில் ஆறு தோட்டா போட்டுக்கொண்டு நடமாடுவது ஆபத்து. சுத்தியல் காலி அறைமேல் இருக்கும்படி ஐந்துதான் போடுவார்கள். 1973-இல் ரூகர் கம்பெனி டிரிக்கரை இழுத்தால் மட்டுமே அடி ஊசிக்குப் போகும்படி இடையில் ஒரு பட்டை வைத்தது. புதிதாக வாங்குகிறவருக்கு இந்த ஏற்பாடு உள்ளதுதான் நல்லது என்பேன்.

உருளை பூட்டியபின் துளியும் ஆடக் கூடாது என்றுதான் நானும் நினைத்தேன். அப்படியில்லையாம்! மொத்தமாகத் தயாரிக்கும்போது எல்லாத் துளையும் அச்சுப்பிசகாமல் அமையாது. கொஞ்சம் ஆட்டம் இருந்தால், குழல் வாயிலுள்ள கூம்பில் நுழையும் குண்டே உருளையை நேராக இழுத்துக்கொள்ளும். ஆட்டமே வேண்டாமென்றால் வேறு வழி. வயோமிங் மாநிலத்தில் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் என்ற கம்பெனி 1983-இல் வெளியிட்ட ரிவால்வரில், உருளை எந்தச் சட்டத்தில் உட்காரப் போகிறதோ அந்தச் சட்டத்திலேயே பொருத்தி, குழல் அச்சுக்கு நேராக அறைகளைத் துளைத்தார்கள். அதுவும் ஐந்து அறைதான். விலையும் அதற்குத் தக்கபடி!

சுடுகிறவர் பங்கும் இருக்கிறது. சுத்தியல் கனமானது, விழ நேரமாகும். டிரிக்கரை விட்டபிறகும் குறியை அப்படியே பிடித்திருக்க வேண்டும். உதைப்பில் கலப்பைப் பிடி போன்ற அந்தக் கைப்பிடி உள்ளங்கையில் உருளும். குண்டு வெளியேறும் முன்பே குழல் மேலே கிளம்பிவிடுவதால், ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரிப் பிடிக்காவிட்டால் குண்டு ஏறியும் இறங்கியும் போகும்.

பழைய மாதிரியில் குறிமுள்ளைத் திருப்பி வைக்கத் திருகு கிடையாது. குண்டு கீழே பட்டால் முன்முள்ளை அரத்தால் ராவுவார்கள். எவ்வளவு? இரண்டு குறிக்கும் இடைத்தூரம் 200 மி.மீ., அட்டை 25 கஜம், அதாவது 22,860 மி.மீ. என்று வையுங்கள். வகுத்தால் சுமார் 114. பத்தில் ஒரு மில்லிமீட்டர் ராவினால் அட்டையில் 11 மி.மீ. ஏறும். நாம் அரத்தை எப்படித் தேய்க்கிறோம் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் கணக்குப் போட்டுக் காட்டினேன்.

இத்தனைக்குப் பிறகும் அட்டையில் துளைகள் சிதறினால், அறைகளுக்கு ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டுவிட்டு, மேஜைமேல் தாங்கு வைத்து, ஒவ்வோர் அறையிலும் ஐந்து ஐந்து குண்டு தனி அட்டையில் சுட வேண்டும். ஐந்து அட்டை ஒரே இடத்தில் கொத்தாக இருக்க, ஒன்று மட்டும் தள்ளிப்போனால் குற்றவாளி அந்த அறைதான்.

இதைப் படித்த மறுநாள், ஸ்கிராப் பெட்டியிலிருந்து என் பழைய தகட்டை எடுத்து ஒன்றிலிருந்து ஆறு வரை பஞ்ச் அடித்தேன். வெர்னியரில் ஆறாவது துளை 0.4 மி.மீ. விலகியிருந்தது. டிரில்லிங் மிஷினைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சென்டர் பஞ்சை நான்தான் கோட்டின் ஓரத்தில் அடித்திருக்கிறேன். புதுத் தகட்டில் அந்தத் துளையை முதலில் போட்டேன். ராத்திரி அப்பாவிடம் இரண்டு தகட்டையும் காட்டி விவரம் சொன்னேன். இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "பழசையும் வச்சுக்கடா" என்றார்.