1, 2, 3-இன் சராசரி 1!

ஆர் என்ற நிரல் மொழியில் சராசரி காண 'மீன்' என்ற ஃபங்ஷன் உண்டு. அதனிடம் 1, 2, 3 என்று மூன்று எண்களை அப்படியே கொடுத்தால் விடை 1 என்று வரும். பிழைச் செய்தி இல்லை, எச்சரிக்கை இல்லை. அது முதல் எண்ணை மட்டுமே தரவாகக் கொள்ளும். இரண்டாவது, ஓரங்களில் எவ்வளவு கழிப்பது என்ற கட்டளை. மூன்றாவது, விடுபட்ட மதிப்புகளை நீக்கலாமா என்ற கேள்விக்கான பதில். கூட்டல் காணும் 'சம்' மட்டும் இதே எண்களுக்கு ஒழுங்காக 6 சொல்லும், எரிச்சல்தான்.

1990-களின் தொடக்கத்தில் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மேனும் உருவாக்கிய மொழி இது. புள்ளியியலாளர் தரவைக் கிளறிக் கிளறிப் பார்ப்பதற்கான கருவி. அதனால் உள்ளீடு எண்ணா எழுத்தா என்று முன்கூட்டி அறிவிக்க வேண்டியதில்லை. அந்தத் தாராளத்தின் விலையை ஃபங்ஷன் எழுதுபவர்தான் கட்ட வேண்டும்.

எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து உடல் நிறை குறியீட்டெண் தரும் ஃபங்ஷன் ஒன்றை எழுதுகிறீர்கள். 70 கிலோ, 1.7 மீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 24. யாரோ உயரத்தைச் சென்டிமீட்டரில் 170 என்று தந்தால் 0.0024 வரும், ஆர் மறுபேச்சுப் பேசாது. இதைத் தடுக்க 'ஸ்டாப்இஃப்நாட்' என்ற ஃபங்ஷன் இருக்கிறது. உயரம் எண்ணாக இருக்க வேண்டும், 0-க்கு மேல், 3-க்குக் கீழ் என்று நிபந்தனைகளை அடுக்கினால், ஒன்று தவறினாலும் வேலை அங்கேயே நிற்கும். விடுபட்ட மதிப்பு வந்தாலும் நிற்கும். 2020-இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து, 'உயரத்தை மீட்டரில் தரவும்' என்று நம் சொந்தச் செய்தியையும் நிபந்தனையோடு சேர்க்கலாம்.

இதிலும் ஓர் ஓட்டை. எண்ணே இல்லாத வெற்றுத் தொடரை அனுப்பினால் '0-க்கு மேல்' என்ற சோதனை தேறிவிடும், தவறுவதற்கு அதில் எதுவும் இல்லையே! ஆகவே நீளத்தையும் சேர்த்துச் சோதியுங்கள். குறிப்பிட்ட சில சொற்களில் ஒன்றைத்தான் ஏற்க வேண்டுமென்றால் 'மேட்ச்.ஆர்க்' போதும்.

சோதனைகளை ஃபங்ஷனின் முதல் வரிகளிலேயே எழுதுங்கள். ஆர் சோம்பேறி, ஓர் உள்ளீடு தேவைப்படும் வரை அதைக் கணக்கிடாது. கடைசி வரியில் பயன்படும் உள்ளீட்டில் பிழை இருந்தால், நீண்ட கணக்கெல்லாம் முடிந்த பிறகே தெரியவரும். நீங்களே உள்ளுக்குள் அழைக்கும் குட்டி ஃபங்ஷன்களுக்கு இவ்வளவும் வேண்டாம். பிறர் கைக்குப் போகும் ஃபங்ஷனுக்குக் கட்டாயம் வேண்டும்.