உஷார்! பாலைவனத்துக்குக் கூட்டமாகக் கிளம்புகிறீர்களா?

ஜூன் பள்ளி விடுமுறைக்கு ராஜஸ்தான், ஒட்டகச் சவாரி, மணலில் கூடாரம் என்று வாட்சாப்பில் மலிவு விலை விளம்பரம் வந்தால், மெர்லிமாவ்க்காரர்களே, பெயர் கொடுக்குமுன் நாள்காட்டியைப் பாருங்கள். நம் பிள்ளைகளுக்கு லீவு விடும் மே கடைசியும் ஜூன் தொடக்கமும்தான் தார் பாலைவனம் கொதிக்கும் காலம். ராஜஸ்தானின் பலோடியில் 2016 மே 19 அன்று வெப்பம் 51 டிகிரி. சுருவில் 2024 மே 28 அன்று 50.5. ஒட்டகச் சவாரி நடக்கும் பாலைவன நகரான ஜெய்சல்மேர் போக ஏற்ற பருவம் அக்டோபர் முதல் மார்ச் வரைதான். அப்போதும் டிசம்பர், ஜனவரி இரவுகளில் குளிர் நடுக்கும். கம்பளிச் சட்டை கட்டாயம்.

“வெயில் நமக்கென்ன புதுசா? தோட்டத்துல வெந்தவங்கதானே!” என்பீர்கள். ஏமாறுவது அங்கேதான். செம்பனைக் காட்டில் 33 டிகிரிக்கே சட்டை நனைந்து முதுகில் ஒட்டும். தண்ணீர் குடிக்கச் சொல்லி உடம்பே காட்டிக்கொடுக்கும். பாலைவனக் காற்றில் வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். சட்டை உலர்ந்தே இருக்கும். உள்ளே உடம்பும் உலர்ந்துகொண்டிருக்கும். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கூட்டமாகப் போவதில் நன்மை இல்லாமல் இல்லை. செலவு பங்காகும், வயதானவர்களுக்குத் துணை இருக்கும், மயங்கினால் தாங்க நாலு கை இருக்கும். ஆனால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, வழியில் கழிவறை இருக்காதே என்று பயந்து, தண்ணீரே குடிக்காமல் வரும் அம்மாக்களும் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்கள்.

யாரை நம்பிப் போகிறோம் என்பதும் முக்கியம். 2024 ஹஜ்ஜை மறக்க வேண்டாம். மக்காவில் 51.8 டிகிரி. இறந்தவர்கள் 1,301 பேர் என்று சவுதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 விழுக்காட்டினர் அனுமதி இல்லாமல் போனவர்கள். நிழலும் தங்குமிடமும் இன்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். இப்படி ஆள் அனுப்பியதற்காக எகிப்து 16 பயண நிறுவனங்களின் உரிமத்தைப் பறித்தது. முறையாகப் பதிந்த குழு என்றால் கூடாரமும் பஸ்ஸும் உண்டு. ஏஜெண்டின் வாய்ச்சொல்லை நம்பிப் போனால் நடுவெயில்தான் கூடாரம்.

ஆகவே:

- பணம் கட்டுமுன் சுற்றுலா அமைச்சின் உரிமம் உண்டா என்று பாருங்கள். ரசீதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.
- இரத்த அழுத்தம், இனிப்புநீர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்பாதீர்கள். இன்சுலினைச் சூடேறும் பஸ்ஸில் விட்டுப் போகாதீர்கள்.
- பகல் 11 முதல் 4 வரை மணலில் இறங்காதீர்கள்.
- ஒருவருக்குப் பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், அது வெறும் களைப்பு அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், உடம்பில் தண்ணீர் ஊற்றி, விசிறிக்கொண்டே மருத்துவமனைக்கு விரையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. நாற்பது பேர் போகும் பஸ்ஸில், ஒருவர் குறைந்தால் “பின்னால இருப்பாரு” என்று மீதி முப்பத்தொன்பது பேரும் நினைப்பார்கள். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் எண்ணுவார்களே, நினைவிருக்கிறதா? ஆள் எண்ண ஒருவரை இங்கேயே நியமித்துவிடுங்கள். பஸ் நகரும் ஒவ்வொரு முறையும் பெரட்டு நடக்கட்டும். பதில் வராத பெயர் ஒன்று இருந்தால், சக்கரம் உருளக்கூடாது.