கல்லை ஒட்டுவதற்கு முன்னால்

ஜூலையில் முதல் புயல் மழை அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "அண்ணே, முன்னாடி போட்ட கல்லு பாதி ரோட்டுல கெடக்கு. ஏதோ பசை இருக்காமே, ஸ்ப்ரே பண்ணா அப்படியே புடிச்சுக்குமாமே. ஆர்டர் போட்டுடவா?" என் பதிலும் ஒன்றுதான். "ரெண்டு நாள் பொறுப்பா. நான் வந்து ஒரு பார்வை பார்த்துடறேன்."

எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. இப்போது இருப்பது அரிசோனாவில், ஃபீனிக்ஸ் நகரத்தை ஒட்டிய சாண்ட்லர். மனைகளுக்கு மட்டம் பார்ப்பதும், மழைத்தண்ணீர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதும் என் தொழில். சிப் தொழிற்சாலைகளால் இங்கே தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அவர்கள் வீட்டுக் கல் விவகாரமெல்லாம் எப்படியோ என்னிடம் வந்துவிடுகிறது.

இது பாலைவனம். ஃபீனிக்ஸில் ஆண்டு முழுக்கப் பெய்வதே 7 அங்குலத்தை ஒட்டித்தான். புல் வளர்க்கத் தண்ணீர் இல்லை. பக்கத்து நகரமான ஸ்காட்ஸ்டேல், புதிதாகக் கட்டும் வீடுகளின் முன்பக்கத்தில் இயற்கைப் புல்லே போடக் கூடாது என்று 2023-இல் சட்டமே கொண்டுவந்துவிட்டது. அதனால் வாசல் முழுக்க உடைத்த கிரானைட் கல்தான். அழகுக்காக மட்டும் அதைப் போடுவதில்லை. வெறும் மண்ணை விட்டுவைத்தால் காற்று அதைக் கிளப்பிக்கொண்டு போகும். இந்த மண்ணில் வாழும் ஒரு பூஞ்சை, தூசியோடு நுரையீரலுக்குள் போய் 'வேலி ஃபீவர்' என்ற நோயைக் கொடுக்கிறது. மண்ணைக் கல்லால் மூடிவைப்பது இந்த ஊரில் உடம்புக்கும் பாதுகாப்பு. அந்தக் கல் இடம் பெயர்ந்தால் மண் வெளியே தெரியும்; குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதமும் வரும்.

இனி பசைக்கு வருவோம். கடைகளில் கல்லுக்கும் மரச்சீவல் மூடாக்குக்கும் என்று விற்கும் பசை பெரும்பாலும் அக்ரிலிக் போன்ற பாலிமர் துகள்கள் தண்ணீரில் மிதக்கும் ஒரு கலவை. பார்க்கப் பால் போல வெள்ளையாக இருக்கும். கைத்தெளிப்பானில் ஊற்றி அடித்தால் கற்களின் மேல் வழிந்து, கல்லும் கல்லும் தொடும் இடங்களில் தேங்கி நிற்கும். தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று கலந்து, நிறமில்லாத மெல்லிய படலமாக இறுகிவிடும். பொரி உருண்டையில் பாகு பொரியைப் பிடித்து வைத்திருப்பது போலத்தான்: தொடும் இடத்தில் பிடிப்பு, நடுவில் இடைவெளி. அந்த இடைவெளி இருக்கும்வரை மழைத்தண்ணீர் கீழே இறங்கும். ஆசைப்பட்டுக் கூடுதலாக ஊற்றினால் இடைவெளி அடைபட்டு, வாசல் சிமென்ட் தரை ஆகிவிடும்.

பொருளில் குறை இல்லை. செய்வதாகச் சொன்னதைச் செய்கிறது. ஆனால் கல் ஏன் ஓடியது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

கல் ஓடுவதற்கு முதல் காரணம் கூரை. இங்குள்ள பல வீடுகளில் கூரை விளிம்பில் மழைநீர் வடிகால் கிடையாது. மழையே இல்லாத ஊரில் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். 1,000 சதுர அடிக் கூரையில் 1 அங்குல மழை பெய்தால் சுமார் 620 கேலன் தண்ணீர் இறங்கும், லிட்டரில் 2,300-க்கு மேல். கோடை மழை இங்கே தூறலாகப் பெய்யாது. அடித்து ஊற்றி அரை மணியில் ஓய்ந்துவிடும். இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் மூலையிலிருந்து அவ்வளவு தண்ணீரும் ஒரே இடத்தில் அருவியாக விழுந்தால், அங்கே குழி பறிக்காமல் என்ன செய்யும்? எந்தப் பசையும் அந்த அடியைத் தாங்காது. அந்த இடத்தில் தலையளவுக் கற்களை அடுக்கி, அடியை வாங்கிக்கொள்ள விட வேண்டும்.

இரண்டாவது காரணம், கல்லின் உருவம். ஆற்றுக் கூழாங்கல் வழவழப்பாக இருக்கும். மிதித்தால் உருளும், தண்ணீர் வந்தால் கிளம்பிவிடும். ஜல்லி மாதிரி உடைத்த கல்லுக்கு முனையும் மூலையும் உண்டு. ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நிற்கும். இங்கே கல் விற்கும் இடங்களில் 'மேடிசன் கோல்டு', 'அப்பாச்சி பிரவுன்' என்று நிறத்தின் பெயரைச் சொல்லித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் முதலில் கேட்கச் சொல்வது, சலித்ததா சலிக்காததா என்று. 'ஸ்க்ரீண்டு' என்றால் பொடி நீக்கியது, 'மைனஸ்' என்றால் பொடியோடு சேர்ந்தது. பொடியோடு சேர்ந்த கல்லைத் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினால், பசை இல்லாமலேயே கெட்டிப்படும். நடைபாதைக்கு அதுதான் ஏற்றது. கனமும் முக்கியம். 2 அங்குலமாவது இருக்க வேண்டும். ஒரு டன் கல் அந்தக் கனத்தில் 100 முதல் 120 சதுர அடிதான் மூடும். ஒப்பந்தக்காரர் அதே ஒரு டன்னை 200 சதுர அடிக்குப் பரப்பிவிட்டுப் போயிருந்தால், கல் ஓடாவிட்டாலும் மண் தெரியத்தான் செய்யும். சரிவான இடத்தில் கல்லுக்கு அடியில் களைத்துணி விரித்திருந்தால் அது இன்னும் மோசம். வழுக்கும் துணி மேல் கல் எப்படி நிற்கும்?

அப்புறம் லீஃப் ப்ளோயர். வாராவாரம் தோட்ட வேலைக்கு வருபவர்கள் முதுகில் மாட்டிக்கொண்டு ஊதும் அந்த இயந்திரம், இலையோடு சிறு கல்லையும் தள்ளும். எங்கள் மரிக்கோபா கவுண்டியில் தோட்டக் குப்பையைப் பொதுச்சாலைக்கு ஊதித் தள்ளுவது விதிக்குப் புறம்பு. ஊதும் வேகத்தைக் குறைக்கச் சொன்னாலே பல வீடுகளில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடுகிறது.

எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கரூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருக்கிறது. வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவே குறுகலான சந்து. தெருவைப் பார்த்த சரிவு. ஒவ்வொரு மழைக்கும் சந்திலிருந்த கல் நடைபாதைக்கு வந்து, பிள்ளைகளின் சைக்கிள் சறுக்கியது. அந்த வீட்டுத் தம்பி பசை வாங்கி வைத்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டார். நாங்கள் செய்தது இதுதான். சந்தின் நடுவில் தண்ணீரை மறிக்கிற மாதிரி மூன்று இடத்தில் பெரிய கற்களைக் குறுக்கே பதித்தோம். கடைசியில் மண்ணை வெட்டி, தண்ணீர் பக்கத்திலிருந்த பாலோ வெர்டே மரத்தின் பாத்திக்குத் திரும்பும்படி விட்டோம். நடைபாதை ஓரம் முழுக்க இரும்புத் தகடு பதித்து, கல்லின் மட்டத்தைத் தகட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இறக்கினோம். மண்வெட்டி வேலைதான் எல்லாம். அதற்குப் பிறகும் நடைபாதையை ஒட்டி ஓர் அடி அகலத்துக்குக் கல் சிதறிக்கொண்டிருந்தது. நாயைக் கூட்டிப் போகிறவர்கள், சைக்கிள் சக்கரம், ப்ளோயர் என்று எல்லாம் படுகிற இடம் அது. அந்த ஓர் அடிப் பட்டைக்கு மட்டும் பசை அடித்தோம். இன்றைக்கும் நிற்கிறது. வாங்கியதில் முக்கால்வாசிப் பசை மிச்சம்.

அடிப்பதாக இருந்தால் பருவம் பார்த்து அடிக்க வேண்டும். குளிர்நாட்டில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அடித்தால் துகள்கள் சரியாகக் கூடாமல் படலம் உதிரும். எங்கள் ஊரில் தொல்லை நேர் எதிர். 2023-இல் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை கடைசி வரை தொடர்ந்து 31 நாள் இங்கே வெயில் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது. அந்தச் சூட்டில் பசை கல்லுக்குள் இறங்குவதற்குள் மேலேயே ஆடை கட்டிவிடும். தெளிப்பானின் மூக்கும் அடைத்துக்கொள்ளும். நவம்பரிலோ மார்ச்சிலோ, காற்றில்லாத காலை வேளையில் அடிப்பது நல்லது. முதல் நாளே கல்லைக் கழுவிக் காயவிட வேண்டும். தூசி மேல் அடித்தால் பசை தூசியைப் பிடிக்குமே தவிர கல்லைப் பிடிக்காது. மெலிதாக ஒரு தடவை, அது காய்ந்ததும் இன்னொரு தடவை. அதற்குப் பிறகு ஒன்றிரண்டு நாள் காலும் படக்கூடாது, மழையும் படக்கூடாது. சுவர், கண்ணாடி, கார் மேல் சாரல் படாமல் அட்டை வைத்து மறைத்துக்கொள்ளுங்கள்; தெளிப்பானை உடனே கழுவிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு மூலையில் ஒரு சதுர அடிக்கு மட்டும் அடித்துக் காயவிட்டு, ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். நீர் உள்ளே இறங்கினால் மேலே செல்லலாம், தேங்கினால் அளவு அதிகம் என்று அர்த்தம். வெயில் இந்தப் படலத்தைச் சிறுகச் சிறுக அரிப்பதால், ஓரிரு வருடத்தில் மறுபடி ஒரு பூச்சு தேவைப்படும்.

கார் ஏறும் பாதைக்கு இந்தப் பசை ஆகாது. சக்கரத்தின் பாரத்தில் உடைந்து பொருக்குப் பொருக்காகப் பெயரும். அங்கே தேன்கூட்டு அறை போன்ற பிளாஸ்டிக் சட்டத்தைப் பதித்து அதற்குள் கல்லை நிரப்பலாம். சொட்டுநீர்க் குழாய் ஓடும் பாதையிலும் அடிக்காதீர்கள். இங்கே அந்தக் குழாயெல்லாம் கல்லுக்கு அடியில்தான் போகிறது. நாளைக்கு ஒரு சொட்டுவான் அடைத்துக்கொண்டால், ஒட்டிய கல்லை உளி வைத்துப் பெயர்க்க வேண்டி வரும். பசை அடித்தால் களை வராது என்றும் நம்ப வேண்டாம். புழுதிப் புயல் கொண்டுவந்து கொட்டும் தூசியிலேயே விதை விழுந்து முளைக்கும், அதைக் கல்லிடுக்கிலிருந்து வேரோடு பிடுங்குவதுதான் சிரமமாகிவிடும்.

மர மூடாக்குக்குப் பசை அடிப்பதில் எனக்கு உடன்பாடே இல்லை. மரச்சீவலும் பட்டையும் மக்கி மண்ணோடு சேரத்தான் போடுகிறோம். வருடா வருடம் அது குறையும், மேலே புதிதாகப் போடுவோம். மக்குவதைப் பசை போட்டு இறுக்கி யாருக்கு என்ன லாபம்? மழையில் மிதந்து போகிறது என்றால் மூடாக்கை மாற்றுங்கள். உருண்டைப் பட்டைத் துண்டுகள்தான் மிதக்கும். நார்நாராகக் கிழித்த மரச்சீவல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கிடக்கும். 2, 3 அங்குலம் போதும்.

ஒட்டுவது என்று வந்துவிட்டால் எனக்குப் பிடித்த பொருள் வேறொன்று இருக்கிறது. அது நம் நாட்டிலிருந்து வருவது. மலச்சிக்கலுக்கு ராத்திரி தண்ணீரில் கலக்கிக் குடிப்பார்களே, இசப்கோல், அதே உமிதான். குஜராத்திலும் ராஜஸ்தானிலும் விளைகிறது. குஜராத்தின் ஊஞ்சா சந்தை சீரகத்துக்கும் இசப்கோலுக்கும் பேர் போனது. அந்த உமியின் பொடியை இங்கே அரிசோனா, கலிஃபோர்னியா பூங்காக்களின் கல்பொடிப் பாதைகளில் கலக்கிறார்கள். ஒரு டன் கல்பொடிக்கு 12 முதல் 15 பவுண்டு வரை. உலர்ந்தபடியே நன்றாகக் கலந்து, 2, 3 அங்குலம் பரப்பி, அடிவரை நனையும்படி தண்ணீர் விட்டு, ஈரம் கொஞ்சம் குறைந்ததும் உருளை ஓட்டுவார்கள். குடித்தால் வயிற்றில் என்ன ஆகிறதோ அதேதான் இங்கும் நடக்கிறது: உமி தண்ணீரை உறிஞ்சி உப்பிக் கூழாகி, பொடிக்கல்லைக் கட்டிக்கொண்டு காய்கிறது. மறுபடி மழை பெய்தால் மேல்பரப்பு இளகி, காயும்போது மறுபடி கட்டிக்கொள்ளும். அக்ரிலிக் படலம் உடைந்தால் உடைந்ததுதான். இதை நனைத்து உருட்டிச் சரிசெய்யலாம். ஆனால் இதற்குப் பொடி வேண்டும். சலித்த பெரிய கல்லில் பிடிக்காது. தண்ணீர் ஓடையாகப் பாயும் இடத்திலும் நிற்காது.

கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்துக்கும் இதே போல ஒரு வேலை உண்டு. காட்டுத்தீ எரித்த மலைச்சரிவுகளில் விதையையும் மரநாரையும் தண்ணீரில் கலக்கிப் பீய்ச்சும்போது, அவை மழையில் வழியாமல் மண்ணைப் பிடித்துக்கொள்ள அந்தக் கோந்தையோ இசப்கோலையோ சேர்க்கிறார்கள். உலகத்துக் கொத்தவரையில் பெரும்பகுதி இந்தியாவில்தான் விளைகிறது, அதிலும் ராஜஸ்தானில். அந்த வறண்ட மண்ணின் விளைச்சல் இந்த வறண்ட மண்ணைக் காப்பதைப் பார்க்க, கரிசல்காட்டில் பிறந்த எனக்கு மனசு நிறைகிறது.

செடியிலிருந்து வந்ததோ, ஆலையிலிருந்து வந்ததோ, எந்தப் பசையையும் கொண்டுபோகக் கூடாத ஓர் இடம் உண்டு. அது மரத்தடி. இந்த வெயிலில் வீட்டுச் சுவர் மேல் நிழல் விழ ஒரு மரம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஜூலையில் இங்கே வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அதன் வேருக்குத் தண்ணீரும் காற்றும் போக வேண்டும், தண்டு பருக்க இடம் வேண்டும். அடிமரத்தைச் சுற்றிக் கல்லையோ மூடாக்கையோ குவிக்கவும் வேண்டாம். வாசல் முழுக்க அடித்தே தீருவேன் என்றாலும் சரி, கிளைகள் பரவியிருக்கும் அகலம் வரைக்கும் கல்லை அப்படியே விட்டுவிடுங்கள்.