தூள் பூவானது எப்படி?

விக்டோரியா மகாராணி காலத்து லண்டன் வீடுகளில் அண்ணாந்து பார்த்தால், விளக்கு தொங்கும் இடத்தைச் சுற்றி இலையும் இதழுமாக ஒரு வெண்சுதைப் பூ விரிந்திருக்கும். வெறும் தூள் எப்படிப் பூவாயிற்று?

ஜிப்சம் என்ற கனிமத்துக்குள் நீர் பிணைந்து கிடக்கிறது. சுமார் 150 டிகிரி செல்சியஸில் வறுத்தால் அந்நீரில் முக்கால் பங்கு போய்விடும். எஞ்சுவதே பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். அதில் தண்ணீர் விட்டுக் குழைத்தால், இழந்த நீரை மீண்டும் பிடித்துக்கொள்ளும். ஊசி ஊசியாகப் படிகங்கள் வளர்ந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். சில நிமிடங்களில் கூழ் இறுகிவிடும். தொட்டால் சூடும் தெரியும்.

இந்தக் கூழை அச்சில் ஊற்றினால் இலை நரம்புகூடப் பிசகாமல் பதிவது ஏன்? களிமண் காய்ந்தால் சுருங்கும். இதுவோ இறுகும்போது இம்மியளவு விரியும். அதனால் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நிரம்பிவிடுகிறது.

பெரிய வார்ப்பு பாரத்தால் விழாதா? சணல் துணியையும் மரச்சட்டத்தையும் உள்ளே வைத்து வார்க்கும் முறைக்கு 1856-இல் டெசாஷி என்ற சிற்பி இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். வார்ப்பு மெலிந்தது, எடை குறைந்தது. பட்டறையில் வார்த்ததை வீட்டில் திருகாணியால் பொருத்தினார்கள்.

முதல் அச்சுக்கு உருக்கொடுத்த கைவினைஞரின் விரல் நுட்பம் இன்னும் அந்தக் கூரைகளில் உயிரோடிருக்கிறது.